இறக்கத்தில் நின்றால்தான் வண்டி!

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் பழனிசெட்டிபட்டியைத் தாண்டும்போது எந்த வண்டியின் பிரேக்குக்கும் பெரிய வேலை இருக்காது. சமதளச் சாலை. ஒரு பக்கம் முல்லைப் பெரியாறு, அதில் ஒரு தடுப்பணை, அதைத் தாண்டிப் பச்சை வயல். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று லோயர் கேம்ப் வரைக்கும் ஏறக்குறைய இப்படியே போய்விடலாம். ஒரு மாடு குறுக்கே வந்தால் மிதிப்போம், வேகத்தடைக்கு மிதிப்போம். தேய்ந்துபோன பிரேக் வைத்திருப்பவர்கூட மாதக்கணக்கில் அது தெரியாமலே ஓட்டலாம்.

ஆனால் இந்த மண்ணில் வண்டி வைத்திருக்கும் யாரும் சமதளத்தோடு நிற்பதில்லை. திரும்பிப் பார்த்தால் மலை. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டு. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு. லோயர் கேம்பிலிருந்து குமுளி. சின்னமனூரிலிருந்து 18 வளைவுகள் ஏறி மேகமலை. கல்யாணம், ஏலக்காய், சபரிமலை, மூணாறு என்று எந்தக் காரியத்துக்குப் போனாலும் ஏறித்தான் ஆக வேண்டும், ஏறியவர்கள் இறங்கித்தான் ஆக வேண்டும். ஏறும்போது எஞ்சின் பரீட்சை எழுதுகிறது. இறங்கும்போது எழுதுவது பிரேக்.

2022 டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிப் பகுதி பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்துபோனார்கள். அந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று நான் எதையும் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் செய்திக்குப் பிறகு இந்த ஊர்ப்பக்கம் ஓட்டுநர்கள் கூடும் டீக்கடைகளில் பேச்சு இறக்கத்தைப் பற்றியே இருந்தது. அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பேச்சில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். புது போலிரோவில் முன்னால் டிஸ்க். இரண்டும் மஹிந்திராதான். அந்த டிஸ்க்கைக் கழற்றி இந்த ஜீப்பில் மாட்டினால் என்ன?

விடியலில் ஏறும் ஜீப்புகள்

இந்தக் கேள்வி வேறு ஊர்களில் பொழுதுபோக்குக்காக வண்டியை அலங்கரிப்பவர்களின் கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கில் அது பிழைப்பின் கேள்வி. விடியும் முன்பே கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று ஒவ்வோர் ஊர் முக்கிலும் ஜீப்புகள் வந்து நிற்கும். தலையில் துண்டு, கையில் சோற்றுத் தூக்கு. பெரும்பாலும் பெண்கள். வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை, சாந்தன்பாறை என்று இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள். சாயங்காலம் அதே ஜீப்பில், அதே வளைவுகளில், களைத்த உடம்போடு இறங்குவார்கள். ஒரு வருடத்தில் நாம் இரண்டு தடவை மூணாறு போய்வந்தால் அதிகம். அவர்களுக்கு அது தினசரி.

மஹிந்திரா நிறுவனம் சுதந்திரம் கிடைத்த காலத்தை ஒட்டி வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. உலகப் போரில் பிறந்த வண்டி. சேற்றில் இறங்கும், பாறையில் ஏறும், சுத்தியலும் ஸ்பேனரும் இருந்தால் எந்த ஊரிலும் சரியாகும். 1980-களில் பெஜோ டீசல் எஞ்சினோடு எம்.எம்.540 வந்தது, பிறகு கமாண்டர் வந்தது. எஞ்சின் வளர்ந்தது, இருக்கை கூடியது, உடம்பு நீண்டது. பிரேக்கின் அடிப்படை அமைப்பு மட்டும் வெகுகாலம் பழைய டிரம்மோடு நின்றது. குறைந்த வேகத்தில், குறைந்த ஆட்களோடு போவதற்காக வடிவமைத்த வண்டி அது. அதில் இன்று எத்தனை பேரை ஏற்றுகிறோம் என்பது நமக்கே தெரியும்.

ஐம்பது லிட்டர் கொதிநீர்

லோயர் கேம்பில் மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே தேக்கடியிலிருந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர் அந்தக் குழாய்களில் விழுந்து கீழே டர்பைனைச் சுற்றுகிறது, மின்சாரமாகிறது. உயரத்தில் இருக்கும் எந்த எடைக்குள்ளும் ஒரு சக்தி இருக்கிறது, கீழே இறங்கும்போது அது எங்காவது வெளியே வந்தே தீரும். தண்ணீருக்கு டர்பைன் இருக்கிறது. அதே மலையில் இறங்கும் உங்கள் வண்டிக்கு இருப்பது பிரேக் லைனிங் மட்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. போடிமெட்டுக்கும் போடிக்கும் உள்ள உயர வித்தியாசம் ஏறத்தாழ அந்த அளவுதான். அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி முழுவதும் வெப்பமானால், சாதாரணக் குழாய்த் தண்ணீர் 50 லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அதே வண்டியை 25 தடவை அடுத்தடுத்துச் சட்டென நிறுத்தினால் எவ்வளவு வெப்பமோ அவ்வளவு. இன்னும் பத்துப் பேரை ஏற்றினால் அதோடு 20 லிட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். இதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். சரியான கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் ஏறக்குறைய மொத்தமும் சக்கரத்துக்குள் இருக்கும் அந்த இரும்பின் தலையில்.

டிரம் பிரேக் இந்த வெப்பத்தைத் தாங்குவதில்தான் தோற்கிறது. மூடிய இரும்புச் சட்டிக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உள்சுவரைப் பிடிக்கின்றன. சட்டி சூடானால் விரியும். விரிந்தால் ஷூவிலிருந்து விலகும். ஓட்டுநர் இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டியிருக்கும். லைனிங் ஓர் அளவுக்கு மேல் சூடானால் அதன் பிடிப்பே குறையும். உள்ளே சிக்கிய வெப்பம் வெளியே போக வழியும் இல்லை. மழையில் தண்ணீர் புகுந்தால் அது காயும் வரை முதல் சில மிதிகள் வீண். இதற்கெல்லாம் பதிலாக டிரம்முக்கு ஒரு பெரிய குணம் உண்டு: சுற்றும் திசையிலேயே ஷூவைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் குறைந்த மிதியிலேயே நன்றாகப் பிடிக்கும். இந்தக் குணத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிஸ்க் திறந்தவெளியில் சுழலும் தட்டு. காலிப்பர் இரண்டு பக்கமும் பேட் வைத்துக் கவ்வுகிறது. சூடானாலும் காற்றுப் படுகிறது, தண்ணீர் பட்டாலும் சுழற்சியில் தெறித்துவிடுகிறது, சூட்டில் விரிந்தாலும் தட்டு பேடைவிட்டு விலகாது. இந்த யோசனைக்கு இங்கிலாந்தின் ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கினார். ஆனாலும் உலகம் அதை நம்ப அரை நூற்றாண்டு ஆனது. 1953 லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் ஜெயித்தது. இரண்டு வருடம் கழித்து சிட்ரோயன் டி.எஸ். அதை வீட்டுக் காருக்குக் கொண்டுவந்தது. நம் நாட்டில் அம்பாசடர் வெகுகாலம் நாலு டிரம்மோடுதான் ஓடியது. பின்னாளில்தான் அதன் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி முன்னால் டிஸ்க்கோடு வந்தபோது அது நிற்கும் விதமே மலைக்காரர்களுக்குப் புதுமை.

ஆகவே ஜீப்புக்கு டிஸ்க் வேண்டும் என்று நினைப்பவர் தப்பாக நினைக்கவில்லை. ஆசை நியாயமானது. தப்பு நடப்பது அடுத்த படியில்.

தட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பிரேக் என்பது சக்கரத்தில் இருக்கும் தட்டு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது உங்கள் பாதத்தில் தொடங்கிச் சாலையில் முடிகிறது. பெடல், பூஸ்டர், மாஸ்டர் சிலிண்டர், பைப், ஹோஸ், காலிப்பர், பேட், டிஸ்க், ஹப், டயர் என எல்லாம் ஒரே குடும்பம். வடிவமைத்த பொறியாளர் ஒன்றைப் பார்த்து இன்னொன்றின் அளவை முடிவு செய்திருக்கிறார். வேறு மாடலிலிருந்து ஓர் உறுப்பினரைக் கொண்டுவந்தால் மற்ற எல்லோரோடும் அது ஒத்துப்போக வேண்டும்.

முதலில் எளிய பொருத்தம். ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் சக்கரத்தில் 5 போல்ட், போல்ட் வட்டம் 139.7 மில்லிமீட்டர். அதைப் பார்த்தவுடன் ‘அப்படியே உட்காரும்’ என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஹப்பின் வாய் அளவு, தட்டு உட்காரும் ஆழம், ரிம்முக்குள் காலிப்பர் உரசாத இடைவெளி இவை எல்லாம் தனித்தனிக் கணக்கு. போலிரோவின் முன்பக்கச் சஸ்பென்ஷனே வேறு. ஜீப்பில் இருப்பது பட்டை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த ஒரே நீள ஆக்ஸில். எனவே காலிப்பரைத் தாங்க ஒரு பிராக்கெட் செய்தாக வேண்டும். வண்டியை நிறுத்தும் முழு விசையும் அந்தப் பிராக்கெட்டின் வழியாகத்தான் போகிறது. பழைய இரும்புத் தகட்டை வெட்டி ஆக்ஸிலில் வெல்டிங் வைத்து முடித்த பிராக்கெட்டுகளைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியிருக்கிறது. லேத் பட்டறையில் அளவெடுத்துக் கடைந்த தடித்த தட்டு, ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளில் பொருந்தி, தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்டுகளால் இறுக்கப்பட வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கும் காசு சாவுக்குச் செலவாகும்.

அடுத்து மாஸ்டர் சிலிண்டர். ஜீப்பின் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் ஒரு இஞ்ச் விட்டம் என்று வையுங்கள். புதிதாக வரும் காலிப்பரின் பிஸ்டன் 54 மில்லிமீட்டர். பரப்பில் அது நாலரை மடங்கு. அவ்வளவு பரப்பை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். பழைய சிறிய மாஸ்டர் சிலிண்டரால் அதைக் கொடுக்க முடியாவிட்டால் பெடல் பாதிக்கு மேல் உள்ளே போகும், ‘பம்ப் அடிச்சாத்தான் பிடிக்குது’ என்பார்கள். சரி, பெரியது போடுவோம் என்று முக்கால் இஞ்ச் சிலிண்டரை எடுத்துவிட்டு ஒரு இஞ்ச் போட்டால் ஆயில் தாராளமாகப் போகும். ஆனால் அதே மிதிக்கு பைப்பில் ஏறும் அழுத்தம் 56 சதவீதமாக இறங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். அழுத்தம் வேண்டுமென்றால் ஆயில் குறையும், ஆயில் வேண்டுமென்றால் அழுத்தம் குறையும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர்.

இங்கேதான் டிரம்மின் அந்தக் குணம் திரும்பி வருகிறது. டிரம் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும், டிஸ்க் இழுத்துக்கொள்ளாது. டிஸ்க்குக்கு மிதி முழுவதும் நாம்தான் கொடுக்க வேண்டும். அதனால் பூஸ்டர் இல்லாத ஜீப்பில் டிஸ்க் மட்டும் போட்டால் பெடல் முன்பைவிடக் கல்லாக இருக்கும், வண்டி எளிதில் நிற்காது. பூஸ்டர் வைக்க வேண்டும். பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் அது மேனிஃபோல்டிலிருந்து தானாகக் கிடைக்கும். டீசலில் கிடைக்காது. ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்ப் இருக்க வேண்டும். பழைய டீசல் ஜீப்புக்கு பூஸ்டர் வாங்கி மாட்டி, பம்ப் இல்லாமல் விட்டு, ‘காசு கொடுத்தும் பிரேக் கனமாகத்தான் இருக்கிறது’ என்று புலம்புகிறவர்களுக்கு இதுதான் பதில். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாலும் இதே கதி. பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும்.

இன்னும் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. பெரிய விபத்துகள் அவற்றில்தான் ஒளிந்திருக்கின்றன. டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சிறு வால்வு, மிதியை விட்ட பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க் போட்ட பிறகும் அது அங்கேயே இருந்தால் பேட் தட்டை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். பத்து கிலோமீட்டர் போனதும் சக்கரம் புகையும். பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் காலடிக்குக் கீழே, சேஸிஸில், காலிப்பரைவிடத் தாழ்வாகவும் இருக்கக்கூடும். அப்போது ஆயில் திரும்பி வடியாமல் இருக்க வேறோர் அளவு வால்வு வேண்டும். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். காற்று மேலேதான் தங்கும். நாள் முழுக்க ஒருவர் மிதிக்க ஒருவர் திருக என்று உட்கார்ந்தாலும் பெடல் மெத்தையாகவே இருக்கும்.

முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பங்கீடு இதையெல்லாம்விட முக்கியம். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும், இறக்கத்தில் இன்னும் அதிகமாகச் சாயும். எனவே பெரும்பங்கு வேலையை முன்சக்கரம்தான் செய்ய வேண்டும், பின்சக்கரம் அதைவிடக் குறைவாகப் பிடிக்க வேண்டும். பின்சக்கரம் முதலில் இறுகி நின்றுவிட்டால் வண்டியின் வால் பக்கவாட்டில் சுழலும். ஈரமான வளைவில் அது நடந்தால் ஓட்டுநரின் திறமைக்கு அங்கே வேலை இல்லை. அதனால் பின்னால் பெரிய பிரேக் போட ஆசைப்படுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன். முன்னால் மட்டும் வலுப்படுத்துவது ஒப்பீட்டில் பத்திரமான பக்கம். ஆனாலும் அளவு மீறினால் முன்சக்கரம் வழுக்கும், ஸ்டியரிங் திருப்பியும் வண்டி திரும்பாது. ஏற்றும் பாரத்துக்கு ஏற்பப் பின்பக்க அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில் அதன் கம்பியை வளைத்துவிடுவதும் கழற்றி எறிவதும் நடக்கிறது. செய்யவே கூடாது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். பழைய ஜீப்பில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் நான் டிஸ்க்கைக் கேட்க மாட்டேன். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரைக் கேட்பேன். பழைய ஒற்றை அறை அமைப்பில் எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு வாஷர் கிழிந்தால், நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டை அறையில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும், வண்டி தடவித் தடவியாவது நின்றுவிடும். பார்ப்பவர் கண்ணுக்குப் படாத மாற்றம் என்பதால்தான் இதை யாரும் கேட்டு வருவதில்லை.

கார்க்காரர்களுக்கு

இப்போது வரும் கார்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. அதே காரின் உயர்ந்த வேரியன்ட்டில் இருப்பதை எடுத்துப் போடுவதுதான் இருப்பதில் நல்ல வழி. ஏனென்றால் ஹப்பும் சஸ்பென்ஷனும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். 2017-ல் வந்த பலேனோ ஆர்.எஸ்., 2016-ல் வந்த போலோ ஜி.டி.ஐ. இரண்டும் நாலு டிஸ்க்கோடு வந்ததால் அவற்றின் பாகங்கள் மீது சாதா பலேனோ, போலோ வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் ஒரு கண். ஆனால் பின்னால் டிஸ்க் வந்தால், டிரம்மோடு இருந்த ஹேண்ட்பிரேக்குக்கு வழி என்ன என்று முதலில் கேளுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதன் கணினி, கம்பெனி போட்ட பிரேக்கின் அளவை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. நீங்கள் பிரேக்கை மாற்றினால் அதற்குத் தெரியாது.

இன்னோர் உண்மை. ஒரே ஒரு தடவை சட்டென்று நிறுத்தும்போது தூரத்தைத் தீர்மானிப்பது டயர். இருக்கும் பிரேக்கே சக்கரத்தை இறுக்கும் அளவுக்கு வலுவாக இருந்தால், அதைவிடப் பெரிய பிரேக் அந்தத் தூரத்தைக் குறைக்காது. பெரிய பிரேக்கின் லாபம் திரும்பத் திரும்ப மிதித்தாலும் சோராமல் இருப்பதில் இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் என்று மட்டும் போகிறவருக்கு நல்ல டயர் போதும்.

பழைய பாகம் வாங்கச் சென்னை புதுப்பேட்டை வரை போகிறவர்கள் உண்டு, உள்ளூர்க் காயலான் கடையிலும் கிடைக்கும். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். காலிப்பரின் பிஸ்டனில் துருக்குழி இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். ரப்பர் ஹோஸ், சீல், பேட் மூன்றையும் பழையதாக வாங்கவே வேண்டாம். பிரேக் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குக் கைவராத பொருள் எதுவும் இல்லை. 1962-ல் சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, அதே பாடியின் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ரானே என்று இந்தியா முழுவதும் நிற்கும் வண்டிகளின் பிரேக்கில் நம் ஊர்க்காரர்களின் உழைப்பு இருக்கிறது. அசல் லைனிங்குக்கும் போலிக்கும் உள்ள விலை வித்தியாசம் ஒரு குடும்பம் மூணாறில் சாப்பிடும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டிச் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கவும் இதுவே இடம் கொடுக்கும். எஃப்.சி. காட்டப் போகும் முன் பழைய டிரம்மை மாட்டி, வந்த பிறகு மறுபடி டிஸ்க்கை மாட்டும் வழக்கம் எவ்வளவு ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவசரமாகக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு போல்ட் தளரலாம், ஒரு குமிழ் காற்று உள்ளே தங்கலாம்.

சட்டத்தின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். தகட்டில் வெல்டிங் வைத்த பிராக்கெட்டை மலைச்சாலையில் அனுமதிக்க முடியாது. ஆனால் சைலன்சரை அறுத்துச் சத்தம் போடுகிறவரையும், இருபது பேரின் உயிரைக் காக்கப் பிரேக்கை வலுப்படுத்துகிறவரையும் ஒரே தட்டில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே 2019 திருத்தம் 52-வது பிரிவில் ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. எந்த மாற்றத்தை எந்த நிபந்தனையோடு அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு விதி வகுக்கலாம். சி.என்.ஜி. கிட்டுக்குச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். பழைய ஜீப்புகளுக்கு பூஸ்டர், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், முன் டிஸ்க் அடங்கிய ஒரே கிட்டைச் சோதித்து ஒப்புதல் தருவது ஏன் முடியாது? நம் ஒரகடத்திலேயே வாகனச் சோதனை மையம் இருக்கிறது. மஹிந்திரா நிறுவனமே அப்படியொரு கிட்டைக் கொண்டுவந்து, தேனி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்யும் வழி கிடைத்தால், திருட்டுத்தனமாக நடக்கும் வேலை வெளிச்சத்துக்கு வந்து சரியாக நடக்கும். அந்த ஜீப்புகளை நாளையே சாலையிலிருந்து எடுத்துவிட முடியாது, அவற்றில் போகும் பெண்களுக்கு வேறு வாகனமும் இல்லை. ஆட்களை அளவோடு ஏற்றுவதும் பிரேக்கைச் சரியாக்குவதும்தான் நடக்கக்கூடிய காரியங்கள்.

முதலில் இருப்பதைச் சரியாக்குங்கள்

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு போடிமெட்டிலிருந்து இறங்கினேன். மலையடிவார முந்தலுக்குக் கடைசி நாலைந்து வளைவு இருக்கும்போது பெடல் மெத்தென்று உள்ளே போனது. இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, மலைச்சுவர் ஓரமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தியபோது பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு பிரேக் பழையபடி பிடித்தது. கீழே வந்து பார்த்தால் பேட் புதிது, டிஸ்க் நன்றாக இருந்தது. பிரேக் ஆயில்தான் கறுத்துப் போயிருந்தது. வாங்கிய நாளிலிருந்து நான் அதை மாற்றவே இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரிக்கே இறங்கலாம். டாட் 4-க்கு அந்த எண்கள் 230, 155. இறக்கத்தில் காலிப்பர் சூடாகி ஆயில் கொதித்தால் பைப்புக்குள் ஆவி. ஆயிலை அழுத்தினால் விசை போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும். எனக்கு நடந்தது இதுதான். அந்த நாளில் நாலு டிஸ்க் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். சில நூறு ரூபாய் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றாததற்கு நான் கொடுக்க இருந்த விலையை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

அதனால் வேறு மாடல் பாகத்தைத் தேடிப் போகும் முன் உங்கள் வண்டியில் இருப்பதை அது பிறந்த நாளில் இருந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். டிரம் முட்டை வடிவமாகியிருந்தால் லேத்தில் கடைசல் பிடியுங்கள், அளவு தாண்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். வீல் சிலிண்டர் வாஷர் கிட்டை மாற்றுங்கள். ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்து விரிசல் இருந்தால் மாற்றுங்கள். ஆயிலை மொத்தமாக மாற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமாக உள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள். இதைச் செய்த பாதிப் பேருக்கு வேறு மாற்றமே தேவைப்படாது. அதற்கு மேலும் தேவைப்படுகிறவர், தினமும் பாரத்தோடு மலை இறங்குகிறவர், மேலே சொன்ன மொத்தக் குடும்பத்தையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றியதும் மலைக்குப் போகாதீர்கள். ஆள் ஏற்றாமல், சமதளத்தில், முதலில் 20 கிலோமீட்டர் வேகம், பிறகு 40, பிறகு 60 என்று பேடும் தட்டும் பழகும் வரை ஓட்டிப் பாருங்கள்.

எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று அந்தக்கால லாரி ஓட்டுநர்கள் கிளீனர் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கம்பெனியின் எந்த பிரேக்குக்கும் அது இன்றும் பொருந்தும்.

கார்த்திகை பிறந்தால் தேனி வழியாகச் சபரிமலை வண்டிகள் வரிசை கட்டும். மாலை போட்டவர்கள், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவர்கள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மூணாறு போகிறவர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். இன்றே பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். காபி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால், அதை மாற்றிவிட்டு மலை ஏறுங்கள்.